விதியை எழுதுவது யார்? அரசு விதிகள் உருவாகும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைமைச் செயலகத்தில் பல ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்போர் நலச் சங்கம், வியாபாரிகள் சங்கம் என்று யாராவது அவ்வப்போது பேசக் கூப்பிடுவார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசப் போனால் கேள்விகளெல்லாம் விதிகளைப் பற்றியே வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்கள் இங்கே.

சட்டம், விதி, ஒழுங்குமுறை, அரசாணை, சுற்றறிக்கை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சட்டம் என்பது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றுவது. அந்தச் சட்டத்திலேயே, அநேகமாகக் கடைசிப் பக்கங்களில், “இந்தச் சட்டத்தின் நோக்கங்களைச் செயல்படுத்த அரசு விதிகளை வகுக்கலாம்” என்று ஒரு பிரிவு இருக்கும். அந்த அதிகாரத்தை வைத்து அரசுத் துறை எழுதுவது விதி. ஆணையம், வாரியம், பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகள் எழுதுவது பெரும்பாலும் ஒழுங்குமுறை. உள்ளாட்சிகள் எழுதுவது துணைவிதி. இவை மூன்றையும் சேர்த்துச் சார்நிலைச் சட்டம் என்பார்கள். பெயரில்தான் சார்நிலை. மீறினால் அபராதமும் உண்டு, உரிமமும் போகும்.

அரசாணை என்பது ஒரு வடிவம்தான். மேலே “அரசாணை (நிலை) எண்” என்று போட்டு ஒருவருக்குப் பதவி உயர்வும் தரலாம், மாநிலம் முழுவதற்குமான விதியையும் வெளியிடலாம். உள்ளே என்ன இருக்கிறது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைச் சொல்லிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சுற்றறிக்கை என்பது மேலதிகாரி கீழதிகாரிக்கு எழுதும் கடிதம். சட்டப்படி அது உங்களைக் கட்டுப்படுத்தக் கூடாது. நடைமுறை என்ன என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

விதி வராமல் சட்டம் நடைமுறைக்கு வராதா?

பல சமயம் வராது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் இயற்றப்பட்டது 1998 இல். அது 2023 ஏப்ரலில், அந்த ஆண்டின் விதிகளோடு சேர்ந்துதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு. வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் 2017 இல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். வாடகை ஒப்பந்தத்தை எந்தப் படிவத்தில், யாரிடம், எப்படிப் பதிவு செய்வது என்பதெல்லாம் விதியில்தான் இருக்கும். சட்டம் பத்து வரியில் சொன்னதை விதி நாற்பது பக்கத்தில் சொல்லும். மக்கள் வாழ்வது அந்த நாற்பது பக்கத்துக்குள்.

அந்த நாற்பது பக்கத்தை எழுதுவது யார்? அமைச்சரா?

கையெழுத்து மேலே போகும். எழுத்து கீழே தொடங்கும். பெரும்பாலும் துறைத் தலைவர் அலுவலகத்திலிருந்து, அதாவது இயக்குநரகத்திலிருந்தோ ஆணையரகத்திலிருந்தோ, ஒரு முன்மொழிவு வரும். செயலகத்தில் ஒரு பிரிவு அதைக் கோப்பாக்கும். உதவிப் பிரிவு அலுவலர் பழைய விதியை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரைவை எழுதுவார். பக்கத்து மாநிலத்து விதியும் மேசைமேல் கிடக்கும், தயங்காமல் எடுத்துக்கொள்வோம். பிறகு பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், செயலாளர். பணம் சம்பந்தப்பட்டதென்றால் நிதித் துறை இசைவு. வாசகத்தைச் சரிபார்க்கச் சட்டத் துறை. அப்புறம் அமைச்சர், தேவைப்பட்டால் முதலமைச்சர். முடிவில் அரசிதழ்.

இந்தப் பாதையில் எத்தனை மேசை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றில்கூட அந்த விதிக்குக் கட்டுப்படப் போகிறவர் உட்கார்ந்திருக்க மாட்டார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. கோப்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அவ்வளவுதான்.

மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையா?

தாய்ச் சட்டம், அதாவது விதி வகுக்க அதிகாரம் தரும் சட்டம், என்ன சொல்கிறதோ அதைப் பொறுத்தது. “முன்கூட்டியே வெளியிடுதல் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு” என்று ஒரு சொற்றொடர் அந்தச் சட்டத்தில் இருந்தால் கட்டாயம். இல்லாவிட்டால் இல்லை.

இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை, மத்தியச் சட்டங்களைப் பொறுத்தவரை, 1897 ஆம் ஆண்டின் பொதுச் சொற்பொருள் சட்டத்தின் (General Clauses Act) 23 ஆம் பிரிவு சொல்கிறது. வரைவை வெளியிட வேண்டும். எந்தத் தேதிக்குப் பிறகு அதைப் பரிசீலிக்கப் போகிறோம் என்று அறிவிக்க வேண்டும். அதற்குள் வந்த ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். மாநில அரசு விதி எழுதும் பல மத்தியச் சட்டங்களில் இந்த நிபந்தனை உண்டு. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 212 ஆம் பிரிவு அது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு படி மேலே போய், குறைந்தது 45 நாள் அவகாசம் என்று எண்ணிக்கையையே எழுதி வைத்தது.

ஆனால் 23 ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் மூன்று ஓட்டைகள் தெரியும். முதலாவது, எவ்வளவு நாள் என்று அது சொல்லவில்லை. இரண்டாவது, எப்படி வெளியிடுவது என்பதை, தாய்ச் சட்டம் வேறு வழி சொல்லாதவரை, விதி வகுப்பவரே “போதுமானது” என்று கருதும் முறைக்கு விட்டுவிடுகிறது. மூன்றாவதுதான் பெரியது. முன்கூட்டியே வெளியிட்ட பிறகு வகுக்கப்பட்டது என்று சொல்லி இறுதி விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறையாக வகுக்கப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று. அதாவது உங்கள் ஆட்சேபணைக் கடிதத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தாலும், அதை வைத்து விதியை அசைப்பது மிகக் கடினம். கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொன்ன பிரிவு, கருத்தில் கொண்டதைக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை.

மத்திய அரசு 2014 பிப்ரவரியில் ஒரு கொள்கை வெளியிட்டது. சட்ட முன்வரைவுகளையும் சார்நிலைச் சட்டங்களின் வரைவுகளையும் குறைந்தது 30 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கொள்கை. ஆனால் அது மத்திய அமைச்சகங்களுக்கு எழுதப்பட்டது, சட்டமும் அல்ல.

கேட்காமலே போட்டால் அரசுக்கு வேலை சுலபம்தானே?

2023 ஏப்ரலை நினைவுபடுத்துகிறேன். 1981 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான உரிமம், அனுமதி விதிகளில் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. சிறப்பு உரிமம் பெற்று, மாநாட்டு அரங்கு, விளையாட்டு மைதானம், திருமண மண்டபம் போன்ற இடங்களில் நிகழ்ச்சியின்போது மது பரிமாறலாம் என்பது அதன் பொருள். ஊருக்கு விஷயம் தெரிந்தது அரசிதழில் வந்த பிறகு. கல்யாண மண்டபத்தில் மதுவா என்று தமிழ்நாடே கேட்டது. சூட்டோடு சூடாகத் திருமண மண்டபங்களை நீக்கி விதி மறுபடியும் திருத்தப்பட்டது.

வரைவை இரண்டு வாரம் இணையத்தில் போட்டிருந்தால் அந்த ஒரு சொல் வரைவிலேயே உதிர்ந்திருக்கும். கருத்துக் கேட்பது அரசுக்குத் தலைவலி என்று நினைக்கிறவர்கள் அந்த வாரத்து நாளேடுகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

அரசிதழில் வந்தாலே எல்லாருக்கும் தெரிந்ததாகத்தானே அர்த்தம்?

சட்டத்தின் கண்ணில் அப்படித்தான். அந்த அளவுக்காவது வந்து சேர ஒரு வழக்கு வேண்டியிருந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923 இல் அமைச்சர் குழு ஓர் அபினிச் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டு, எங்கேயும் வெளியிடாமல் வைத்திருந்தது. ஹர்லா என்பவருக்கு அந்தச் சட்டத்தின்கீழ் 50 ரூபாய் அபராதம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியிடப்படாத சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 1951 இல் தீர்ப்பு. யாருக்கும் தெரியாமல் அறைக்குள் போட்ட சட்டத்துக்காக ஒருவரைத் தண்டிப்பது நாகரிகமா என்பதுதான் அதன் அடிநாதம். 50 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை போன மனிதருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது நம் அரசிதழ் புதன்தோறும் வருகிறது. அவசரமென்றால் எந்த நாளிலும் சிறப்பு வெளியீடு. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் இணையதளத்தில் படிக்கலாம். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு வரைவு விதிக்கு 30 நாள் அவகாசம் கொடுத்து அரசிதழில் போட்டோம். தென்மாவட்ட அலுவலகம் ஒன்றுக்கு அந்த இதழ் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிந்திருந்தது. கோப்பில் “ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை” என்று நானே எழுதினேன். எழுதியது பொய்யல்ல. இன்றும் உறுத்துகிறது.

வரைவு ஏன் தமிழில் வருவதில்லை?

சில வருகின்றன, பல வருவதில்லை. 1956 இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. ஆனால் அரசமைப்பின் 348 ஆவது உறுப்பின்படி, சட்டங்களுக்கும் விதிகளுக்கும் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது. மாநிலம் தன் மொழியில் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே அந்த இடத்தைப் பெறும். ஆகவே வரைவை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. தமிழ் பின்னால் வரும். வரும்போது ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கும் என்பது தனிச் சோகம்.

இறுதி வாசகம் எந்த மொழியில் இருந்தாலும் வரைவைத் தமிழில் வெளியிட எந்தத் தடையும் இல்லை. 2020 இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வரைவை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உட்பட்ட மொழிகளில் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்றும், கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தும் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புரியாத மொழியில் கருத்துக் கேட்பது கேட்பதாகுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. நம் கோட்டையில் அது இன்னும் எழவில்லை.

மின்கட்டணத்துக்கு மட்டும் கூட்டம் நடத்துகிறார்களே?

2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒழுங்குமுறைகளை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்கிறது 181 ஆம் பிரிவு. கட்டண ஆணைக்கு முன் பொதுமக்கள் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பார்க்க வேண்டும் என்கிறது 64 ஆம் பிரிவு. அதனால்தான் 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை என்று ஊர் ஊராக உட்கார்ந்தது. விசைத்தறிக்காரர், சிறுதொழில் சங்கத்தினர், வீட்டு இணைப்பு வைத்திருப்பவர் எனப் பலரும் பேசினார்கள். செப்டம்பர் 10 முதல் கட்டணம் ஏறத்தான் செய்தது. “அப்புறம் எதற்குக் கூட்டம்?” என்று கேட்பார்கள். பேசியது பதிவாகிறது, ஆணையில் அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. கட்டணம் குறையாவிட்டாலும், ஏன் குறையவில்லை என்று எழுத்தில் சொல்ல ஒருவர் கட்டுப்பட்டிருக்கிறார். மற்றத் துறைகளில் அதுகூட இல்லை.

சட்டமன்றம் இதையெல்லாம் பார்ப்பதில்லையா?

வகுத்த விதியைப் பேரவை முன் வைக்க வேண்டும் என்று பெரும்பாலான சட்டங்கள் சொல்கின்றன. பேரவை அதைத் திருத்தலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் அதுவரை விதி செல்லும். சட்டவிதிகள் ஆய்வுக் குழு என்று உறுப்பினர்கள் குழுவும் உண்டு. ஆனால் பேரவை கூடும் நாட்களோ சொற்பம், மேசைமேல் வைக்கப்படும் ஏடுகளோ கட்டுக் கட்டு. செயலகமும் பேரவையும் ஒரே கோட்டைக்குள்தான் இருக்கின்றன. விதி மட்டும் அங்கிருந்து இங்கு வர மாதக்கணக்காகும்.

நீதிமன்றம்?

போகலாம். விதி தாய்ச் சட்டத்தை மீறினாலோ, அரசமைப்புக்கு முரணாக இருந்தாலோ, வெளிப்படையாகத் தான்தோன்றித்தனமாக இருந்தாலோ ரத்தாகும். கருத்துக் கேட்கவில்லை என்பது மட்டும் காரணமென்றால் கதவு அவ்வளவு திறக்காது. விதி வகுப்பது சட்டமியற்றும் தன்மையுடைய செயல், தாய்ச் சட்டம் சொன்னாலொழிய பாதிக்கப்படுவோரின் தரப்பைக் கேட்க வேண்டியதில்லை என்பது 1987 இல் மருந்து விலை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

2016 இல் காற்று சற்றே திரும்பியது. கைபேசி அழைப்பு பாதியில் அறுந்தால் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று வரை, இழப்பீடு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நுகர்வோராக எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. ஆனால் அதே தீர்ப்பில், அமெரிக்காவின் 1946 ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டம்போல, வரைவை அறிவித்துக் கருத்துக் கேட்டுக் காரணத்தோடு விதி வகுக்கும் முறையை எல்லாச் சார்நிலைச் சட்டங்களுக்கும் நாடாளுமன்றம் கொண்டு வரலாம் என்று பரிந்துரைத்தார்கள். பரிந்துரை அப்படியே இருக்கிறது.

வேறெங்காவது ஒழுங்காகச் செய்கிறார்களா?

எனக்குப் பிடித்த உதாரணம் கலிபோர்னியா. மாநிலத் துறைகள் எழுதித் தள்ளிய விதிகளைக் கண்டு சலித்து, 1979 இல் சட்டம் இயற்றி, நிர்வாகச் சட்ட அலுவலகம் என்று தனி அமைப்பை உருவாக்கினார்கள். எந்தத் துறை விதி வகுத்தாலும் வரைவையும் காரண அறிக்கையையும் வெளியிட்டு 45 நாள் கருத்துக் கேட்க வேண்டும். முடிவில், வந்த கருத்துகளைச் சுருக்கி, ஏற்றோமா, இல்லையென்றால் ஏன் என்று பதில் எழுத வேண்டும். பிறகு கோப்பு அந்த அலுவலகத்துக்குப் போகும். இந்த விதி தேவையா, எழுத அதிகாரம் உண்டா, எந்தச் சட்டப் பிரிவைச் செயல்படுத்துகிறது, மற்றச் சட்டங்களோடு மோதுகிறதா, ஏற்கெனவே இருப்பதையே திரும்பச் சொல்கிறதா, படிப்பவருக்குப் புரிகிறதா என்று ஆறு கேள்வி. கொள்கை சரியா தவறா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. “புரியவில்லை” என்ற ஒரே காரணத்துக்காக விதியைத் திருப்பி அனுப்பலாம். நம் விதிகளுக்கு அந்தக் கடைசிச் சோதனையை வைத்தால் எத்தனை தேறும் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன்.

அவர்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது: நிலத்தடி விதி. முறைப்படி வகுக்காமல், கையேடு, கடிதம், உள்சுற்று என்ற பெயரில் துறை நடைமுறைப்படுத்தும் விதி. அப்படி ஒன்று இருப்பதாக யார் வேண்டுமானாலும் அந்த அலுவலகத்திடம் மனுப் போடலாம்.

நம் சுற்றறிக்கை ராஜ்ஜியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. பட்டா மாற்றத்துக்குப் போனால் விதியில் இல்லாத ஒரு ஆவணம் கேட்பார்கள். எங்கே எழுதியிருக்கிறது என்றால் “சர்க்குலர் வந்திருக்கு சார்” என்பார்கள். காட்ட மாட்டார்கள். அது மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். ஹர்லாவின் அபினிச் சட்டம் இருந்த இடமும் அதுதான்.

இந்தியாவிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. திவால் நடைமுறையைக் கவனிக்கும் வாரியம் 2018 இல், தான் ஒழுங்குமுறை வகுக்கும் முறைக்கே ஓர் ஒழுங்குமுறை எழுதிக்கொண்டது: வரைவோடு பொருளாதார ஆய்வு, 21 நாள் கருத்துக் கேட்பு.

எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் அரசு நடக்குமா?

நியாயமான பயம். தொற்றுநோய் காலத்தில் 45 நாள் காத்திருக்க முடியாது. அதற்கு அவசர விதி என்று ஒரு வழி வைத்து, சில மாதங்களில் தானாகக் காலாவதியாகும்படி செய்யலாம். இன்னொரு பயம்தான் எனக்கு உண்மையில் இருக்கிறது: கருத்துக் கேட்டால் எழுதப் போவது வக்கீல் வைத்திருக்கும் நிறுவனங்கள்தான். தள்ளுவண்டிக்காரர் எழுத மாட்டார். ஆகவே இணையத்தில் போட்டால் கடமை முடிந்தது என்று விடக்கூடாது. தெருவோர வியாபாரம் பற்றிய விதியென்றால் சந்தைக்குப் போய்க் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலேயே புளோரிடா போன்ற மாநிலங்கள் வேறு வழி போயின. ஐந்தாண்டில் பத்து லட்சம் டாலருக்குமேல் செலவு வைக்கும் விதியென்றால் சட்டமன்றம் ஒப்புதல் தந்தால்தான் செல்லும் என்று 2010 இல் சட்டம் போட்டார்கள். ஜனநாயகமாகத் தோன்றும். இங்கே செய்தால், தொழிலாளர் பாதுகாப்பு விதிகள்தான் முதலில் வரிசையில் நின்று காய்ந்துபோகும்.

சரி, என்னதான் மாற்ற வேண்டும் என்கிறீர்கள்?

ஒரே ஒரு மாநிலச் சட்டம் போதும். எந்தத் துறையானாலும் வரைவு விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், ஏன் இந்த விதி என்ற ஒரு பக்கக் குறிப்போடு, ஒரே இணையதளத்தில் 30 நாளாவது வைக்க வேண்டும். வந்த கருத்துகளுக்கு என்ன பதில் என்பதை இறுதி விதியோடு சேர்த்து வெளியிட வேண்டும். பொதுமக்களைக் கட்டுப்படுத்தும் எந்தச் சுற்றறிக்கையும் அந்தத் தளத்தில் இல்லையென்றால் செல்லாது. மூன்றில் எனக்கு எது முக்கியம் என்று கேட்டால் நடுவில் உள்ளது. பதில் எழுத வேண்டும் என்று தெரிந்தால் கடிதத்தைப் படித்தே ஆக வேண்டும். “ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை” என்று எழுதும் கை சற்று நடுங்கும்.

அதுவரை நான் என்ன செய்யலாம்?

உங்கள் தொழிலுக்கோ தெருவுக்கோ சம்பந்தப்பட்ட துறையின் இணையதளத்தையும் அரசிதழையும் மாதம் இருமுறையாவது பாருங்கள். வரைவு வந்தால் விதி எண்ணைக் குறிப்பிட்டு, இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இந்தச் சொல்லைப் போடுங்கள் என்று மாற்று வாசகமாகவே எழுதுங்கள். பொதுவாகத் திட்டி எழுதிய கடிதம் கோப்பில் சேரும். மாற்று வாசகத்தோடு வரும் கடிதம் வரைவில் சேர வாய்ப்புண்டு. வரைவைத் தட்டச்சு செய்ய வேண்டியது உதவிப் பிரிவு அலுவலர், அவருக்கு வேலை மிச்சம். தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள்.

யாராவது சர்க்குலர் என்றால் எண்ணும் தேதியும் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு மனுப் போடுங்கள். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதே அது தொடர்பான உண்மைகளைத் தானாக வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4(1)(சி) பிரிவு சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய்.